அக்காவின் பட்டன் போனும் என் மகளின் முட்டியும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது என்பதை ஒரு பழுப்பு உறை வந்துதான் எனக்கு ஞாபகப்படுத்தியது. இந்த நாட்டில் நல்ல சேதி எதுவும் பழுப்பு உறையில் வராது. கேக் சாப்பிட வாருங்கள் என்று யாரும் பழுப்பு உறையில் எழுதுவதில்லை. பிரித்துப் படித்தேன். நான் இங்கே குடியிருக்கும் கணக்கைப் பதினைந்து வருஷத்துக்குப் பின் சரிபார்த்தார்களாம். அதில் என் மகள் குழலி என்னோடு வசிக்கவில்லை என்று தெரிய வந்திருக்கிறதாம். உரிய சான்றுகளோடு நேரில் வரவும் என்று போட்டிருந்தது.

குழலி அப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் சாக்லேட் தடவிக்கொண்டிருந்தாள்.

எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டுவிட்டது. போன மாதம் ஒரு அட்டையைப் புதுப்பிக்க அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த அம்மாள், "மகள் உங்களோடுதானே இருக்கிறாள்?" என்று கேட்டார். நான் நம்ம ஊர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். தென்காசியில் அதற்கு "ஆமா, வேற எங்க இருப்பா?" என்று அர்த்தம். இங்கே அதற்கு "இல்லை" என்று அர்த்தம். அந்த அம்மாள் நல்லவர்தான், என் தலை சொன்னதை அப்படியே பதிந்துவிட்டார். பதினைந்து வருஷத்தில் என் நாக்கு மாறிவிட்டது, கால் பனியில் வழுக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டது. தலை மட்டும் இன்னும் தென்காசியிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது.

குழலிக்கு இது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாளே என்று, பல நாளாக வாயில் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, குற்றாலத்தில் சீசன், எல்லோரும் ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் வரலப்பா. அங்க என்னைத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க? எல்லாருக்கும் உங்களைத்தான் தெரியும். நான் சும்மா உங்க பக்கத்துல நிக்கணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு ரொம்ப வலித்தது. பதினைந்து வயதுப் பிள்ளை, ஆறு வயதிலும் பத்து வயதிலுமாக இரண்டு தடவை ஊருக்கு வந்திருக்கிறாள். அவள் சொன்னதில் என்ன பொய்? அலுவலகத்துக் கணக்குப்படி இந்த வீட்டில் இல்லை, அவள் கணக்குப்படி அந்த ஊரிலும் இல்லை. முதல் கணக்கை ஒரு சான்றிதழை வைத்துத் திருத்திவிடலாம். இரண்டாவதை எதை வைத்துத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

2

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா முப்பிடாதிக்கு வீடு குத்துக்கல்வலசையில். சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்து இட்லிக் கடை போடுவாள். அத்தான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பரிமாறுவது அவர் வேலை. சட்னி வாளியைக்கூட அணிவகுப்பில் நடக்கிற மாதிரிதான் தூக்கிக்கொண்டு வருவார்.

குற்றாலத்தில் இட்லிக் கடை போடுகிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்றைக்கு மத்தியானமே தெரிய வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அரிசியை ஊறப் போட்டால்தான் சாயங்காலம் ஆட்டி, மறுநாள் விடியற்காலையில் ஊற்ற முடியும். கூட்டம் வருவதும் வராததும் மலை மேலே பெய்கிற மழையைப் பொறுத்தது. தண்ணீர் விழுந்தால் கூட்டம். தண்ணீர் கூடிப்போய் குளிக்கத் தடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ஜனங்கள் வந்து இறங்கிய பிறகு தடை போட்டார்கள் என்றால், போக்கிடம் இல்லாமல் ஆளுக்கு இரண்டு தடவை சாப்பிடுவார்கள். அந்த மாதிரி நாட்களில் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்காகத்தான் அக்கா நெட் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அவளிடம் இருப்பது தீப்பெட்டி அகலத் திரை உள்ள பட்டன் போன். நான் ஒரு தடவை பெரிய தொடுதிரை போன் வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியோடு மஞ்சள் பையில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "மாவுக்கையும் சாரலுமா இருக்கு. அது தொட்டா ஒண்ணு, தொடாட்டி ஒண்ணு செய்யுது. ஈரக்கைக்குப் பட்டன்தான்லே சரி" என்றாள். அந்த ஊர்ச் சாரலில் நின்றவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

அவளுடைய நெட் சிக்கனத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ்தான் போடுவாள். படங்கள் வரவே கூடாது என்று போனில் நிறுத்தி வைத்திருக்கிறாள். முதலில் நெட்டைப் போடுவாள். பக்கம் இறங்கியதும் உடனே நெட்டை அணைத்துவிடுவாள். அப்புறம் நிதானமாக ஒரு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிப்பாள். குழாயைத் திறந்து, குடம் நிறைந்ததும் மூடுகிற கைதான் அது. நெட் ஓடிக்கொண்டிருக்கும்போது படிப்பது அவளைப் பொறுத்தவரை குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவது.

இந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இங்கே வந்த முதல் வருஷம் என்னிடமும் பட்டன் போன்தான் இருந்தது. கையில் காசும் கிடையாது. படங்களை நிறுத்திவிட்டு ஊர்ச் செய்திகளை எழுத்தாக மட்டும் படிப்பேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம் வரும். காசி விசுவநாதர் கோயில் தேரோட்டத்தை அந்த வருஷம் நான் ஒரு காலிக் கட்டமாகத்தான் பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் என் போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

3

ஆனால் அக்காவின் போனில் வானிலைப் பக்கங்கள் சரியாக வரவில்லை. இந்தக் காலத்துப் பக்கங்கள் எல்லாம் கல்யாண வீட்டு ஜோடனை மாதிரி. மேகப்படத்தைத் திறக்கப் போனால் அவளுடைய ஒரு வாரத்து நெட்டை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைசியில் வெறும் கட்டத்தைக் காட்டும். "மழை வருமான்னு கேட்டா, பொட்டியக் காட்டுது" என்று அக்கா என்னிடம் பிலாக்கணம் வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் குழலியிடம் கேட்டேன். அத்தையின் போனில் திறக்கிற மாதிரி, படமே இல்லாமல், எழுத்து மட்டும் வருகிற ஒரு பக்கம் செய்து தர முடியுமா என்று. பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறவள். பத்து நிமிஷத்தில் செய்துவிட்டாள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். "அப்பா, இது டைனோசர் காலத்துப் பக்கம் மாதிரி இருக்கு, வெளிய யார்கிட்டயும் நான் செஞ்சேன்னு சொல்லாதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து சீசன் நாட்களில் தினமும் காலை எட்டு மணிக்கு, பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால், மேகப்படத்தைப் பெரிய திரையில் பார்த்து இரண்டு வரி எழுதிப் போடுவேன். அப்போது குற்றாலத்தில் பதினொன்றரை. போனில் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டால் அக்கா விடமாட்டாள், எனக்கு இரண்டு பஸ் போய்விடும்.

மழைக்கு இரண்டு வரி போக நிறைய இடம் மிச்சம் இருந்தது. எழுத்துக்கு நெட் ஒன்றும் பெரிதாகச் செலவாகாது. அதனால் வீட்டுச் சேதியும் இரண்டு வரி சேர்த்து எழுத ஆரம்பித்தேன். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? போகிறேன், வருகிறேன். மனைவி ஆஸ்பத்திரி வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். ஆக எல்லாம் குழலி சேதிதான். குழலி முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். குழலிக்குக் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது, இரண்டு நாளாக உம்மென்று இருக்கிறாள். குழலி மீன் சாப்பிட மாட்டேன் என்கிறாள். குழலி நீச்சலில் இரண்டாவதாக வந்தாள். இப்படியே இரண்டு சீசன் ஓடிவிட்டது. இதையெல்லாம் நான் எழுதுவது குழலிக்குத் தெரியாது. பக்கத்தைச் செய்து கொடுத்ததோடு அவள் அதை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

4

பழுப்பு உறையைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனை அணைத்து வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. எண் வரும் வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தபோது, மகளையும் நேரில் கூட்டி வரவேண்டும், வேறொரு நாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து மணியைப் பார்த்தேன், பதினொன்று. குற்றாலத்தில் இரண்டரை. அப்போதுதான் பக்கம் எழுதாதது உறைத்தது.

வெறும் நாளாக இருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் சனிக்கிழமை. சீசனில் சனி ஞாயிறுதான் அக்காவுக்கு வருமானமே. அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு அரிசியை ஊறப் போட்டிருப்பாள். அலுவலக வாசலிலேயே நின்று போன் போட்டேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததுமே அக்கா மறித்தாள்.

"என்னலே உளறுத? பதினொன்றரைக்கே வந்துட்டு. படிச்சு, அரிசியும் போட்டாச்சு."

நான் எழுதவே இல்லை என்றேன். நீ எழுதவில்லை, பிள்ளை எழுதியிருக்கிறாள் என்றாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத ஒனக்குச் சொல்லக்கூடாதுலே, சொல்லாண்டாம்னு எழுதியிருக்கா" என்று வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தை நானும் திறந்து பார்க்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. தன் போனுக்கு மட்டும் வருகிற தந்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து திறந்தேன். இப்படி இருந்தது:

"அத்தை, அப்பா ஆபீஸ் போய் இருக்கார். நான் குழலி. மேகம் நிறைய. மலை மேலே மழை இருக்கு ஆனா ரொம்ப இல்லை. தண்ணி வரும். அரிசி நிறைய ஊற வைங்க. நான் சைக்கிள் இருந்து விழுந்தேன். முட்டி பெரிய காயம். அப்பா கிட்ட சொல்லாதீங்க, சைக்கிள் எடுக்க விட மாட்டார்."

அஞ்சாறு எழுத்துப் பிழை இருந்தது, அதை நான் இங்கே திருத்திவிட்டேன். தமிழ்ப் பள்ளிக்கு இனி போகமாட்டேன் என்று பத்து வயதில் நின்றவள். எழுத்தெல்லாம் மறந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, மனதுக்குள் வருத்தப்பட்டு, அதையும் தாண்டி வந்துவிட்டேன். இங்கே பார்த்தால் அவள் அத்தையிடம் ரகசியம் சொல்கிற அளவுக்குத் தமிழ் வைத்திருக்கிறாள். மறைப்பதும் என்னிடமிருந்துதான். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பெரிய பிளாஸ்திரி ஒரு டப்பா வாங்கி, குளியலறை அலமாரியில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் இருந்தேன்.

5

அடுத்த வாரம் முழுக்க நான் செய்த திருட்டு வேலையை இங்கேதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது, தினமும் ஏழரைக்கே போகவேண்டும், அத்தைக்கு நீயே எழுதிப் போட்டுவிடு என்று குழலியிடம் சொன்னேன். அவள் முனகினாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரொட்டிக் கடை மூலையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, எட்டு மணிக்குப் பக்கத்தைத் திறப்பேன். தினமும் வந்தது. முட்டியில் சீழ் வைத்தது, அப்புறம் காய்ந்தது, பக்கு விழுந்தது, எல்லாம் அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அவள் கணிப்பு தப்பிவிட்டது. நல்ல கூட்டம் வரும் என்று எழுதிவிட்டாள், மலையில் ராத்திரி கொட்டிய கொட்டில் விடியும் முன்னே தடை போட்டுவிட்டார்கள். ஒரு அண்டா மாவு மிச்சம். குழலி தடைச் செய்தியை நெட்டில் பார்த்துவிட்டு, மறுநாள் பக்கத்தில் "சாரி அத்தை" என்று மட்டும் எழுதியிருந்தாள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டுக்குப் போன் போடுவதா என்று பதினைந்து வருஷமாக அவளாகக் கூப்பிடாத அக்கா, குழலியைக் கேட்டாள். நான் அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏட்டி, மாவு புளிச்சா ஊத்தப்பம் ஊத்திக்கிடலாம். நீ மழையை எழுதாம இருந்தா நான் என்னத்தட்டி செய்வேன்?"

போனை வைத்த பிறகு குழலி, ஊத்தப்பம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஆகஸ்டில் டிக்கெட் இன்னும் கிடைக்குமா என்றாள்.

அதே வாரத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை கழுத்தில் சுளுக்கு விழுந்தவன் மாதிரி தலையை அசைக்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு குழலியிடம் கேட்டார், நீ அப்பாவோடுதான் இருக்கிறாயா என்று. குழலியின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அச்சு அசல் தென்காசித் தலை. ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? அந்த அம்மாள் பேனாவை எடுப்பதற்குள் சுதாரித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று அவர்கள் மொழியில் இரண்டு தடவை சொன்னாள். வெளியே வந்து நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

6

ஆகஸ்ட் முதல் வாரம் ஊர் போய்ச் சேர்ந்தோம். பயணக் களைப்பெல்லாம் சாரலில் போய்விட்டது. மறுநாள் காலையில் மனைவியை குத்துக்கல்வலசை வீட்டில் தூங்க விட்டுவிட்டு, நானும் குழலியும் கடைக்குப் போனோம். அவள் என் முழங்கையைப் பிடித்தபடி ஒரு அடி பின்னாலேயே வந்தாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் ஊரில் எனக்கு ஒரு மவுசு இருக்கும் என்ற நினைப்பில் நான் முன்னால் நடந்தேன்.

அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பெஞ்சில் பக்கத்து நேந்திரம் சிப்ஸ் கடை அண்ணாச்சியும், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரும், பெண்கள் பக்கம் விசில் ஊதுகிற ஒரு போலீஸ்கார அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிப்ஸ் கடை அண்ணாச்சி நிமிர்ந்து குழலியைப் பார்த்தார். அவள் கழுத்தளவு முடியைப் பார்த்தார். அப்புறம் அரைக்கால் சட்டைக்குக் கீழே முட்டியைப் பார்த்தார்.

"வாம்மா குழலி. முட்டி இப்ப எப்படி இருக்கு?"

எண்ணெய்க்காரர், தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றார். போலீஸ்கார அம்மா, கணக்குப் பரீட்சை என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு குழலியிடமே கேட்டார்.

"இவரு யாரு, ஒங்க அப்பாவா?"

குழலி என் கையை விட்டுவிட்டாள். என்னை முறைத்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அதற்குள் அக்கா குடத்தோடு வந்துவிட்டாள். விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பதினொன்றரைக்குப் பக்கம் இறங்கியதும் கடையில் இருக்கிற எல்லோரும் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். அவர்கள் பிழைப்பும் அதை நம்பித்தானே இருக்கிறது. அக்கா சத்தமாக வாசிப்பாள். மழை முடிந்ததும் நிறுத்தமாட்டாள், கடைசி எழுத்து வரைக்கும் வாசிப்பாள். இரண்டு சீசனாக நான் எழுதியது, இந்தச் சீசனில் குழலி எழுதியது, மீன், முடி, கணக்கு, சைக்கிள், அப்பாவிடம் சொல்லாதீங்க, அத்தனையும்.

"அத்தை, அது உங்களுக்கு மட்டும் எழுதினது" என்றாள் குழலி. அழுகை வருகிற மாதிரி இருந்தது குரல்.

அக்காவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "காசு குடுத்து எறக்குனதுட்டி. மழையை மட்டும் படிச்சுட்டு மிச்சத்தப் பாதியில விடவா சொல்லுத?"

குழலி அவளையே பார்த்தாள். இனி இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் போலீஸ்கார அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான் வாளியோடு வந்து, ஒரு ஊத்தப்பத்தை அவள் இலையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நானும் குழலியும் அருவியில் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது பதினொன்றரை ஆனது. அக்கா பழக்கதோஷத்தில் நெட்டைப் போட்டு, பக்கத்தை இறக்கி, நெட்டை அணைத்தாள். பார்த்தால், நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் எழுதியதுதான் இருந்தது. "என்ன, இன்னைக்கு வரலையா?" என்றார் சிப்ஸ் கடை அண்ணாச்சி. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

குழலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் மலையை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மேகம் நிறைய இருக்கு. ஆனா ரொம்பக் கறுப்பு இல்ல. தண்ணி வரும். தடை வராது. நாளைக்கு நிறைய பேர் வருவாங்க."

சொல்லி முடித்தும் யாரும் நகரவில்லை. அத்தான் சட்னி வாளியோடு அப்படியே நின்றார். அக்கா, "மிச்சம்?" என்றாள்.

குழலி ஒரு கணம் முழித்தாள். பிறகு புரிந்துகொண்டாள்.

"மிச்சம், குழலி ஊருக்கு வந்துட்டா. முட்டி சரியாயிட்டு."

அக்கா மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிசி மூட்டையைப் பிரித்து, எப்போதும் போடுவதைவிட இரண்டு படி கூடுதலாக அளந்து ஊறப் போட்டாள்.